பெற்ற வீடும் வளர்த்த வீடும்: ஆஸ்திரேலியாவில் வேற்றுப் பண்பாட்டில் வளர்ந்த பிள்ளைகள்

ஒரு குடியில் பிறந்த குழந்தையை வேறொரு பண்பாட்டினர் எடுத்து வளர்ப்பது ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1789 ஏப்ரலில் சிட்னித் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடியினரிடையே பெரியம்மை பரவியது. கரையோரப் பாறைக் குடைவுகளில் புதைக்க ஆளின்றிப் பிணங்கள் கிடந்தன. நோயோடு குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் இரண்டு சிறார் பிழைத்தார்கள். ஒன்பது பத்து வயதுப் பையன் நான்பெரியை அறுவை மருத்துவர் ஜான் வைட் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தன் குடும்பப் பெயரையும் சேர்த்து நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டினார். பதின்ம வயதைத் தொட்டிருந்த பூரோங் என்ற பெண்ணைப் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் குடும்பம் ஏற்றது.

இருவரும் ஆங்கிலம் கற்றார்கள். ஆளுநருக்கும் பூர்வகுடியினருக்கும் இடையே மொழிபெயர்த்தார்கள். ஆனால் வளர்த்த வீட்டோடு முழுக்க ஒட்டிவிடவில்லை. ஒன்றரை ஆண்டு போல் பாதிரியார் வீட்டில் இருந்த பூரோங், 1790 இறுதியில் தன் மக்களிடமே திரும்பினாள். பின்னாளில், பூர்வகுடியினரில் புகழ்பெற்றவரான பெனலாங்கின் மனைவியானாள். ஜான் வைட் 1794 டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த இரண்டே மாதத்தில், இன்று சிட்னி தாவரவியல் பூங்கா இருக்கும் விரிகுடாவில், குல வழக்கப்படி நான்பெரியின் முன்பல் பெயர்க்கப்பட்டு அவன் ஆண்மகனாக ஏற்கப்பட்டான். அதற்குப் பிறகும் அவன் வெள்ளையர் கப்பல்களில் மாலுமியாகப் போனான். கடலாய்வாளர் மாத்யூ பிளிண்டர்ஸின் கடற்பயணத்திலும் சிறிது காலம் இருந்தான். 1821இல் இறந்தபோது பெனலாங்கைப் புதைத்த அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டான்.

பின்னர் வந்த எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்கு இருந்தது. பிறந்த குடி கூப்பிடு தூரத்தில் இருந்தது, தாய்மொழி வாயில் இருந்தது, திரும்பிப் போனால் இன்னார் மகன், இன்னார் தங்கை என்று அடையாளம் சொல்ல ஆள் இருந்தது. இரு வீட்டுக்கும் நடுவே அவர்கள் அலைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அலைய வழி திறந்திருந்தது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டின் சட்டமும் நிர்வாகமும் அந்த வழியைத்தான் அடைத்தன.

அடைப்பு சிறிதாகத் தொடங்கியது. 1815இல் ஆளுநர் லாக்லன் மக்வாரி, பாரமட்டாவில் பூர்வகுடிச் சிறாருக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். சேர்க்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் விரும்பியபோது திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் விதி. முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி, யாரமுண்டி என்ற குலத்தலைவரின் மகள் மரியா. 1819இல் நடந்த தேர்வில் நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரை எழுதியும் முதற்பரிசு அவளுக்கே போனது. பிற்காலத்தில் கைதித் தச்சர் ராபர்ட் லாக்கை மணந்து, 1831இல் தன் சகோதரனுக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு அவள் ஆளுநருக்கு எழுதிய மனு இன்றும் இருக்கிறது. வளர்த்தவர்கள் கற்றுக்கொடுத்த எழுத்தைக் கொண்டே பிறந்த குடியின் நிலத்தைக் கேட்டவள் அவள். பள்ளியோ பெற்றோர்கள் பிள்ளைகளைத் தராமல் விலகியதாலும், இருந்த பிள்ளைகள் ஓடியதாலும் நலிந்து, பிளாக்டவுனுக்கு இடம் மாறி, விரைவில் மூடப்பட்டது.

பெற்றோர் தராவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையைச் சட்டம் உண்டாக்கியது. விக்டோரியா 1869இலும் நியூ சவுத் வேல்ஸ் 1909இலும் 'பாதுகாப்பு' என்ற பெயர் கொண்ட சட்டங்களை இயற்றின. 1915இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்துக்கு நீதிமன்ற விசாரணை தேவைப்படவில்லை. பிள்ளையின் நன்னடத்தைக்கு நல்லது என்று அதிகாரி கருதினால் போதும். பெண் குழந்தைகள் கூட்டமண்டராவிலிருந்த விடுதியில் வீட்டு வேலை பழகினார்கள். ஆண் குழந்தைகள் கெம்ப்சிக்கு அருகில் கின்செலா விடுதிக்குப் போனார்கள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதை அங்கு வளர்ந்தவர்கள் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. வந்த கடிதங்கள் பிள்ளைகள் கைக்குப் போகவில்லை. தாய் தந்தையர் இறந்துவிட்டார்கள், அல்லது உன்னை வேண்டாம் என்றார்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ஏராளம்.

1950களில் விடுதிகளைவிட வெள்ளையர் வீடுகளில் வளர்க்கவிடுவதும் தத்துக் கொடுப்பதும் மலிவு, நவீனம் என்ற எண்ணம் வலுத்தது. இரு குடும்பச் சிக்கல் தன் முழு உருவத்தில் எழுவது இங்கேதான். விடுதியை ஒரு பிள்ளை முழு மனதோடு வெறுக்கலாம். அன்போடு சோறு போட்டு வளர்த்த வீட்டை அப்படி வெறுக்க முடியாது.

பாடகர் ஆர்ச்சி ரோச்சின் வாழ்க்கை இதற்கு நன்றாக அறியப்பட்ட சான்று. விக்டோரியாவின் மூருப்னாவில் 1956இல் பிறந்தவர். பிராம்லிங்ஹாம் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் குடும்பத்தோடு இருந்தபோது, மூன்று வயதை ஒட்டி, உடன்பிறந்தவர்களோடு சேர்த்து அவரை அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அனாதை விடுதி, சரிப்படாத வளர்ப்பு வீடுகள் எல்லாம் கடந்து, மெல்பேர்னில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய காக்ஸ் குடும்பத்திடம் வந்து சேர்ந்தார். அவர்கள் நல்லவர்கள். வளர்ப்புத் தந்தை பாடிய ஸ்காட்லாந்துப் பாட்டுகளைக் கேட்டுத்தான் பையனுக்கு இசையில் நாட்டம் வந்தது. அவனுடைய சொந்தக் குடும்பம் வீடு தீப்பிடித்ததில் இறந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நம்பினார்கள், பையனும் நம்பினான்.

பதினான்கு பதினைந்து வயதில், பள்ளியில் இருந்தபோது ஒரு கடிதம் வந்தது. அவன் முன்பின் அறியாத அக்காள் ஒருத்தி எழுதியது: நம் அம்மா இறந்துவிட்டாள். தீயில் என்றோ இறந்ததாகச் சொல்லப்பட்ட தாய் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறாள் என்பதும், இனி இல்லை என்பதும் ஒரே தாளில் தெரியவந்தன. காக்ஸ் தம்பதியும் ஏமாற்றப்பட்டவர்கள்தான் என்றாலும் பையனால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கிளம்பிச் சிட்னிக்குப் போனான். அக்காளைத் தேடிய அந்தப் பயணம் தெருவாழ்க்கையிலும் குடியிலும் பல ஆண்டுகள் சிக்கிக்கொண்டது. அந்தத் தெருக்களில்தான் உடன்பிறந்தவர்களை ஒவ்வொருவராகக் கண்டான். 1990இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பில் குழந்தைகளைக் கொண்டுபோனதைப் பற்றிய பாடல் இருந்தது. நாடு முழுவதும் இந்த வரலாற்றைக் காதால் கேட்டது அந்தப் பாடலில்தான். அரசு விசாரணை ஐந்து ஆண்டு கழித்தே தொடங்கியது. 2022இல் அவர் மறைந்தார்.

தென் ஆஸ்திரேலியாவின் புரூஸ் டிரெவாரோ வழக்கு இதையே நீதிமன்ற ஆவணங்களின் வழியே காட்டுகிறது. 1957 கிறிஸ்துமஸ் நாளில், வயிற்றுக் கோளாறோடு இருந்த பதின்மூன்று மாதக் குழந்தையை அக்கம்பக்கத்தார் அடிலெய்ட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் குழந்தை தேறியது. பெற்றோரைக் கேட்காமலே அதை ஒரு வெள்ளையர் வீட்டில் வளர்க்கவிட்டார்கள். சில மாதம் கழித்து, என் பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்கு வருவான் என்று தாய் கடிதம் எழுதினாள். நன்றாகத் தேறி வருகிறான், மருத்துவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார் என்று அலுவலகத்திலிருந்து பதில் போனது. அந்தப் பதில் எழுதப்பட்ட நாளில் பிள்ளை மருத்துவமனையில் இல்லை. வளர்ப்பு வீட்டில் இருந்தான்.

பத்து வயதை நெருங்கும்போது அவன் தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டான். சேர்ந்த கதை சுபமாக முடியவில்லை. தாய் வீடு அவனுக்கு அந்நியர் வீடு; அண்ணன் தம்பிகள் அந்நியர்கள்; பழகிய அம்மாவை விட்டு வந்த துக்கம் ஒருபக்கம். ஓராண்டு சொச்சத்தில் அந்த ஏற்பாடு முறிந்து, மீண்டும் அரசு விடுதிகள், பின்பு மனச்சோர்வும் குடியும். 2007 ஆகஸ்ட் 1 அன்று நீதிபதி தாமஸ் கிரே அவருக்கு 5,25,000 டாலர் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தார். இப்படிப் பிரிக்கப்பட்ட, பின்னாளில் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் வென்ற முதல் வழக்கு அது. தாயோடு வளர்ந்த அவருடைய உடன்பிறந்தவர்களின் வாழ்க்கையையும் நீதிபதி ஒப்பிட்டுப் பார்த்தார். வறுமை எல்லோருக்கும் ஒன்றுதான், மனம் உடைந்தது இவர் ஒருவருக்கே. தீர்ப்பு வந்து ஓராண்டு நிறையும் முன்பே அவர் இறந்தார்.

இந்த இரண்டு வாழ்க்கைகளிலும் பிள்ளையைக் கிழித்தது எது என்பது விவாதத்துக்குரிய கேள்வி. இரண்டு பண்பாடுகளின் மோதல் என்று சொல்வது எளிது. பல நூல்கள் அப்படித்தான் சொல்லி முடித்துக்கொள்கின்றன. ஆவணங்களை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை. காக்ஸ் வீட்டுக்கும் பிராம்லிங்ஹாமுக்கும் பகை எதுவும் இல்லை. டிரெவாரோவின் தாய் கேட்டது ஒரு விசாரிப்பு மட்டுமே. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பொய்யை நிறுத்தி, ஒரு வீட்டை மற்றதிலிருந்து மறைத்த அலுவலகம்தான் இரண்டு கதைகளிலும் பொதுவாக இருக்கிறது.

மறைக்கப்பட்டதைத் தேடி எடுக்கும் வேலையைப் பாதிக்கப்பட்டவர்களே தொடங்கினார்கள். கூட்டமண்டரா விடுதியில் வளர்ந்த கோரல் எட்வர்ட்ஸும் வரலாற்றாசிரியர் பீட்டர் ரீடும் 1980இல் நியூ சவுத் வேல்ஸில் 'லிங்க் அப்' என்ற அமைப்பை நிறுவினார்கள். வாரியத்தின் கோப்புகளைப் புரட்டி, பெயர் மாற்றப்பட்டவர்களின் பழைய பெயரைக் கண்டுபிடித்து, குடும்பத்தோடு சேர்த்துவைப்பது அதன் பணி. முதல் சந்திப்புக்கு ஒரு துணையாள் கூடவே போவார். அது சம்பிரதாயத்துக்கு அல்ல. தன்னைப் பெற்றவளின் கல்லறையை மட்டுமே பார்க்க வருபவர்கள் உண்டு. நீ எங்களில் ஒருத்தி மாதிரிப் பேசவில்லையே என்று சொந்தக்காரர்களே கேட்டு ஒடிந்துபோனவர்களும் உண்டு. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்ற பெயரைப் பரவச் செய்ததும் ரீடின் சிறு வெளியீடே. ரொனால்டு வில்சன், மிக் டாட்சன் இருவரும் முன்னின்று நடத்திய தேசிய விசாரணை 535 பேரின் சாட்சியத்தைத் திரட்டி 1997இல் அறிக்கை தந்தது. 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டார்கள் என்பது அதன் கணிப்பு. நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்க 2008 பிப்ரவரி 13 வரை ஆனது. நியூ சவுத் வேல்ஸ் 2017இல் தலைக்கு 75,000 டாலரும், விக்டோரியா 2022இல் 1,00,000 டாலரும் ஈடாக வழங்கத் தொடங்கின.

வெள்ளைக்காரத் தாய்மாரும் தப்பவில்லை. மணமாகாமல் பெற்ற பெண்களிடம் மிரட்டிக் கையெழுத்து வாங்கிக் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் வழக்கம் உச்சத்தைத் தொட்ட 1971-72இல் மட்டும் 9,798 தத்தெடுப்புகள் நடந்தன. பிறப்புச் சான்றிதழே புதிதாக எழுதப்பட்டு, பெற்றவளின் பெயர் அரசு அலமாரியில் பூட்டப்பட்டது. 1984இல் விக்டோரியாவும் 1990இல் நியூ சவுத் வேல்ஸும் சட்டம் இயற்றி அந்த அலமாரியைத் திறந்தன. இந்தக் கொடுமைக்காகப் பிரதமர் ஜூலியா கில்லார்டு 2013 மார்ச் 21 அன்று மன்னிப்புக் கேட்டார்.

உள்நாட்டில் குழந்தைகள் குறைந்தபோது வெளிநாடு கைகொடுத்தது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்வதற்கு முன் வியட்நாமிலிருந்து விமானங்களில் ஏற்றி வரப்பட்ட 200க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பலர் சிட்னி நார்த் ஹெட்டில் இருந்த பழைய நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, பின்பு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் எல்லோரும் அனாதைகள் அல்ல. அவசரத்தில் காகிதங்கள் தொலைந்தன. தொலைந்த காகிதங்களை மெல்பேர்னிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு இன்று நடுத்தர வயதினர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பின் தென் கொரியா, இந்தியா, இலங்கை, சீனா என்று பல நாட்டுக் குழந்தைகள் வந்தனர். 2004-05இல் அந்த எண்ணிக்கை 434ஐத் தொட்டு, அதன்பின் சரிந்தது.

இந்தியர்கள் நன்கறிந்த உதாரணம் சரூ பிரையர்லி. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுப் பையன், ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் இறங்கி, 1987இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் ஒரு குடும்பத்துக்குத் தத்துப் போனான். பெரியவரான பின், தன் நினைவில் இருந்த ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் செயற்கைக்கோள் படங்களில் 2011இல் ஊரைக் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு தாயைச் சந்தித்தார். இந்தக் கதை படமாகவும் வந்து உலகெங்கும் கண்ணீரை வரவழைத்தது. படத்தின் வெளிச்சத்தில் கவனிக்காமல் போவது ஒன்று உண்டு: தாயும் மகனும் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. ஐந்து வயது வரை பேசிய இந்தி முழுதாகப் போயிருந்தது. அவர் இரண்டு தாய்மாரையும் ஏற்றுக்கொண்டு ஹோபார்ட்டிலேயே வாழ்கிறார். அதற்கு ஒரு காரணம், வளர்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பையனின் அறையில் இந்திய வரைபடம் ஒன்றை மாட்டி வைத்தவர்களே அவர்கள்தான்.

சென்னையில் நடந்தது வேறு வகை. 1990களின் பிற்பகுதியில் நகரின் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் தெருவோரத்திலிருந்தும் வீட்டு வாசலிலிருந்தும் கடத்தப்பட்டு, மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்தின் வழியே, பெயர் மாற்றி, போலிச் சம்மதப் பத்திரத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டதாக 2005இல் காவல் துறை கண்டறிந்தது. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. அப்படிப் போனதாகச் சொல்லப்படும் ஒரு பெண் குழந்தை குயின்ஸ்லாந்தில் வளர்வது 2008இல் பத்திரிகையில் வெளியானது. காணாமல்போனபோது வயது இரண்டு; செய்தி வந்தபோது பத்துக்கும் மேல். நெதர்லாந்துக்குப் போன ஒரு பையனின் விஷயத்தில், சென்னைப் பெற்றோர் கேட்ட மரபணுச் சோதனைக்கு உத்தரவிட அந்நாட்டு நீதிமன்றம் மறுத்தது. ஆஸ்திரேலியாவும் 2010இல் இந்தியாவிலிருந்து தத்தெடுப்பதை நிறுத்திவைத்தது; மீண்டும் தொடங்கப் பல ஆண்டுகளாயின.

இத்தகைய வழக்கில் பிள்ளையைத் திருப்பித் தருவதுதான் நீதி என்று நமக்கு உடனே தோன்றும். திருட்டுப் பொருள் உரியவருக்குத்தானே சேர வேண்டும்? ஆனால் பிள்ளை பொருள் அல்ல. பத்து வயதில், தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல், குயின்ஸ்லாந்து வீட்டிலிருந்து பிடுங்கி வண்ணாரப்பேட்டையில் விடுவது அதே பிள்ளைக்கு நேரும் இரண்டாவது கடத்தல். டிரெவாரோ வாழ்க்கை அதைக் காட்டிவிட்டது. அதற்காக, வளர்ந்துவிட்டான், இனி எதற்குத் தொந்தரவு என்று பெற்றவர்களை வாசலிலேயே நிறுத்துவதும் ஏற்கத் தக்கதல்ல. அது கடத்தியவனுக்குக் காலம் கொடுக்கும் பரிசு. பிள்ளை இருக்கும் இடத்தில் இருக்க, பெற்றவர்களின் பெயரும் முகமும் குரலும் மொழியும் அங்கே போய்ச் சேர வழி செய்வதே மிஞ்சும் ஒரே நல்வழி. அதைச் செய்யும் அதிகாரம் வளர்ப்புப் பெற்றோரின் மனத்துணிவிடம் மட்டும் விடப்பட்டிருப்பது இன்றைய சட்டங்களின் பெரிய ஓட்டை.

தமிழ்நாட்டுப் பழைய வழக்கில் தத்து பெரும்பாலும் பங்காளி வீட்டுக்குள்ளோ உறவுக்குள்ளோ நடந்தது. சித்தி வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்தாலும் பெற்றவள் திருவிழாவுக்கு வந்து போவாள். யார் பெற்றது, யார் வளர்த்தது என்பது ஊருக்கே தெரியும். டோரஸ் நீரிணைத் தீவுகளிலும் உறவுக்குள் குழந்தையைக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. குயின்ஸ்லாந்து அரசு 2020இல் அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. அங்கே அந்த ஏற்பாட்டை வெளிப்படையாகப் பேசுவது வழக்கமில்லை என்பது ஒரு வேறுபாடு. ஆயினும் பிள்ளை அதே மொழியில், அதே உறவு வட்டத்தில் வளர்கிறது.

இந்த உறவு முறையைத்தான் பூர்வகுடி அமைப்புகள் நவீனச் சட்டத்துக்குள் கொண்டுவரப் போராடின. மெல்பேர்னில் மோலி டையர் 1970களில் தொடங்கிய விக்டோரியாப் பூர்வகுடிக் குழந்தை நல அமைப்பு அதில் முன்னோடி. பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தை முதலில் உறவினரிடம், அது முடியாவிட்டால் தன் சமூகத்தவரிடம், பின்பு வேறு பூர்வகுடிக் குடும்பத்திடம், எதுவுமே இயலாதபோது மட்டும் மற்றவரிடம் என்ற வரிசை இன்று எல்லா மாநிலங்களிலும் ஏற்கப்பட்டிருக்கிறது. ஏட்டில் இருப்பது களத்தில் முழுதாக நடப்பதில்லை. குழந்தைகள் தொகையில் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறக்குறைய 6 சதவீதம். பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் இருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் அவர்களே. 2014இல் நியூ சவுத் வேல்ஸின் கன்னடாவில் பாட்டிமார் திரண்டு, குழந்தைகளைப் பிரிப்பதற்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள். பேராசிரியர் மேகன் டேவிஸ் 2019இல் அளித்த மறுஆய்வு அறிக்கையும் அதே மாநிலத்துக் குழந்தை நலத் துறையின் நடைமுறைகளைக் கடுமையாகக் கண்டித்தது.

ஒரே ஒரு காகிதத்தில் மட்டும் தெளிவான மாற்றம் தெரிகிறது. 2020 நவம்பர் முதல் நியூ சவுத் வேல்ஸில் தத்துப்போன ஒருவர், பெற்றவர்கள் பெயர், உடன்பிறந்தவர்கள் பெயர், வளர்த்தவர்கள் பெயர் எல்லாம் சேர்ந்தே அச்சான பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். அது சட்டப்படி செல்லும். பழைய சான்றிதழ் ஒரு வீட்டைத்தான் காட்டியது. சென்னையிலிருந்து போலிப் பத்திரத்தோடு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு இதுவும் உதவாது. அவர்கள் விஷயத்தில் முதலில் திருத்தப்பட வேண்டியது இந்தியக் கோப்பு.